ரூ காய் தெருவில் ஒரு பாதாம் சர்பத்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், ரூ காய் தெரு உணவகம் ஒன்றில் அமர்ந்திருக்கிறேன். பக்கத்து மேசையில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் அவர் மகளும். எதிரே மகள் விரும்பும் பையனின் தாய், துனிசியா நாட்டவர். வீட்டில் காய்ச்சிய வெள்ளைப் பாதாம் பாகைத் தண்ணீரில் கலந்து நீட்டுகிறார்.

"அவையின்ர கலியாணத்திலை இதுதான் குடுக்கிறவை, அம்மா," என்கிறாள் மகள்.

இன்னும் சம்மதம் சொல்லாத அம்மா கோப்பையைத் தொடவில்லை. என் பக்கம் திரும்புகிறார்.

"நீங்கள் இந்தியாவோ? உங்கடை பக்கமும் இது இருக்கோ?"

"இருக்கும்மா. நாங்க பாலும் குங்குமப்பூவும் சேர்ப்போம்."

அம்மா ஒரு வாய் குடிக்கிறார். பிறகு பால் வரவழைத்து, பாகு கலந்து, துனிசியத் தாயிடம் கொடுக்கிறார்.

"இப்பிடியும் குடிச்சுப் பாருங்கோ, சம்பந்தி."

மகள் அதைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்குகிறாள். கடைசிச் சொல்லுக்கு வரும்போது அவள் குரல் உடைகிறது.