விசாலாக்ஷி ஒன்றும் சொல்லவில்லை

“என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?”

கல்யாணப் பந்தியில், ரேஷன் கடையில், தாதர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போது, எங்கே போனாலும் இதே கேள்வி. மனோதத்துவம் படித்தவள் என்று தெரிந்துவிட்டால் போதும், பம்பாய் மாட்டுங்காத் தமிழர்களுக்கு அவள் கிளிஜோசியக்காரி. விசாலாக்ஷிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

எம்.ஏ. முடித்து, மில் தொழிலாளர்களின் தூக்கக்கேட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள் அவள். தாராவிக்குப் போய் ஒருத்தியிடம் கேள்வி கேட்டால் அந்த வீட்டு வரிசையே கூடி நின்று பதில் சொல்லும். கடைசியில், “வெறும் பேச்சுத்தானா? ஊசி கீசி கிடையாதா?” என்று அவளையே கேட்பார்கள். அதற்கெல்லாம் அசராமல் வேலையை முடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் பரேல் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆலோசகராகச் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு ஒரே சட்டம். வந்தவர் சொன்னது அறையைவிட்டு வெளியே போகாது; அவர் வந்தார் என்பதும் போகாது. தெருவில் எதிரே வந்தால் அவளாக முந்திச் சிரிக்கவும் மாட்டாள். பைத்தியக்கார டாக்டருக்கு இவனை எப்படித் தெரியும் என்று ஊர் கேட்டுவிடுமே!

மற்றபடி அவள் ஒன்றும் வாய்மூடி அல்ல. அண்ணன் நம்பிராஜன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் மகள் காந்திமதியைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றிக் கூசாமல் பேசினாள். ஒருவன் அம்மா முகத்தைப் பார்க்காமல் பஜ்ஜிகூட எடுக்கவில்லை, இன்னொருவன் சம்பளத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கினால் அந்த இடம் அவ்வளவுதான்.

அப்புறம் வந்தான் செம்பூர் பிரம்மநாயகம்.

வாசலில் அவனைப் பார்த்ததும் விசாலாக்ஷிக்குப் பகீரென்றது. குர்லாவில் ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் விழுந்ததைக் கண்ணால் கண்டு, அதிலிருந்து ரயிலேறவே பயந்து, எட்டு மாதமாக அவளிடம் வந்துகொண்டிருந்தவன். இப்போது தினமும் ரயிலில்தான் ஆபீஸுக்குப் போகிறான். அவள் அறைக்கு வருவது அவனுடைய அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவளைக் கண்டதும் அவன் வெளுத்துப்போனான். அவள் முன்பின் தெரியாதவளாகக் காப்பியை நீட்டினாள். அதற்குப் பிறகுதான் அவன் முகத்தில் உயிர் வந்தது. காந்திமதிக்கு அவனைப் பிடித்திருந்தது.

அவர்கள் போனதும் மதினி மீனாட்சியம்மாள் ஆரம்பித்தாள். “என்ன விசாலம், பையன் எப்படி?”

தங்கமான பையன். தன் பயத்தோடு அப்படி மல்லுக்கட்டி ஜெயித்தவர்களை விசாலாக்ஷி அதிகம் பார்த்ததில்லை. சொல்ல வாய் துடித்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று தோண்டுவார்கள். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால், தெரிந்தே மறைத்தாள் என்று ஆகும்.

“எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல மைனி. நீங்களே முடிவு பண்ணுங்க.”

“எல்லாருக்கும் நொட்டை சொல்லுதவ இவனுக்கு மட்டும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கா. ஏங்க, இதுல என்னமோ இருக்கு!”

“படிச்சவல்லா? வேண்டாம்னு நாசூக்காச் சொல்லுதா” என்றார் நம்பிராஜன்.

“அப்படியெல்லாம் இல்லண்ணே!”

“அப்ப நல்லவன்னு சொல்லு.”

அவள் சொல்லவில்லை. எரிச்சலில் தலை வெடித்தது. மனதைப் படிக்கத் தெரியாது என்று ஊர் முழுக்கச் சத்தியம் செய்துகொண்டிருந்தவளின் மனதை, வீட்டில் ஆளாளுக்குத் தப்பும் தவறுமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று தரகர் மூலம் செம்பூருக்குப் பதில் போயிற்று. காந்திமதி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் பிரம்மநாயகம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சட்டையெல்லாம் வியர்வை.

“நீங்க என்னைக் காட்டிக் குடுக்கலைன்னு தெரியும் மேடம். பொண்ணோட அத்தை ஒண்ணுமே சொல்லலையாம், அதான் வேண்டாம்னுட்டாங்களாம். தரகர் சொன்னார்.” கையைப் பிசைந்தான். “என்னை முழுசாத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். உங்க வாயிலயே நல்லவன்னு வரலைன்னா, எனக்கு இன்னும் சரியாகலைன்னுதானே அர்த்தம்?”

விசாலாக்ஷி பதறிப்போனாள். சரியாகிவிட்டது, நூற்றுக்கு நூறு சரியாகிவிட்டது என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். தன் சட்டத்தின் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் மரியாதைக்குத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

“ஏன் இப்படி வேர்த்திருக்கு? ரயில்ல கூட்டமா?” என்று கேட்டாள்.

“இல்ல மேடம். நாலு நாளா பஸ்ஸுலதான் வாரேன்.”