மணமகள் பெயரில் ஒரு கேள்விக்குறி

கணினி மொழி ஒன்றில் எழுத்துகளை எண்ணும், வெட்டும், ஒட்டும் கட்டளைகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. யாரும் படிக்காததை உயிரைக் கொடுத்து எழுதும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இது.

இருபத்து நான்கு எழுத்து மலர்விழி

கெலுகோர் அலுவலகத்தில் எனக்கு மேலாளர் குமரண்ணன். எண்ணும் கட்டளையைச் சோதிக்க, கல்யாணத்துக்குக் காத்திருந்த அவர் தங்கையின் பெயரையே கொடுத்தேன். மலர்விழிக்கு ஐந்து எழுத்து. கட்டளையோ இருபத்து நான்கு என்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை! கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் இகரக் குறியும்கூட, மூன்று பைட் இடம் பிடிக்கும்; மலர்விழியில் எட்டுக் குறி. கட்டளை எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. வெட்டும் கட்டளையும் அப்படித்தான். குறிப்பில் இதற்கு ஒரு வரி சேர்க்கவா என்று கேட்டேன். அண்ணன் திரையைக்கூடப் பார்க்கவில்லை.

"ஏற்கெனவே பக்கம் நீளமா இருக்கு. யாரு லா படிக்கப் போறா, மீனா?"

மாப்பிள்ளை வீடு என்ன சொல்லும்?

மலர்விழியின் கல்யாணத்தில் விருந்தினருக்குக் கொடுக்கும் பைகளுக்குப் பெயர் ஸ்டிக்கர் அடித்தவர், கடலுக்கு அக்கரையில் கடை வைத்திருக்கும் பட்டர்வொர்த் மரியக்கா. அவர் கடைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தது நம் குமரண்ணன்தான். பெயர் இருபதைத் தாண்டினால் வெட்டிவிடும். மலாய், ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன; தமிழில் இதுதான் முதல் தடவை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, அண்ணன் போனை எடுக்கவில்லை என்று மரியக்கா எனக்குப் படம் அனுப்பினார். 'மலர்வி', அதையடுத்து கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. வேலைக்குப் போகும் ஃபெர்ரியில் துள்ளி எழுந்துவிட்டேன். இருபது பைட்டில் 'ழ' பாதிதான் நுழைந்திருக்கிறது! கூப்பிட்டுச் சொன்னேன். என் உற்சாகம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"பொண்ணு பேர்ல கேள்விக்குறி போட்டா மாப்பிள்ளை வீட்டுல என்னா நெனைப்பாங்க, தங்கச்சி? நாளைக்குக் காலையில பை கொடுக்கணும் லா!"

தடித்த எழுத்தில்

அடுத்த ஃபெர்ரியிலேயே பட்டர்வொர்த்துக்குத் திரும்பி மரியக்கா கடைக்குப் போனேன். ஒருவழியாகப் பிடிபட்ட குமரண்ணனும் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தான் எழுதிய புரோகிராமைத் தானே முறைத்துப் பார்த்தார். இருபது எழுத்து என்றுதான் நினைத்தாராம். பைட்டுக்குப் பதில் எழுத்தாக எண்ணி வெட்டும் கட்டளையை மாற்றிப் போட்டேன். பிரிண்டர் முனகிக்கொண்டே முழு மலர்விழியை வெளியே தள்ளியது. நான் கைதட்டிவிட்டேன்! மரியக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அண்ணன் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது.

"அந்த வரிய இன்னிக்கே போடு மீனா, தடிச்ச எழுத்துல. மலர்விழிய மட்டும் உதாரணமா போட்டுறாத, அவ என்னைக் கொன்னுருவா."

நம் குறிப்புகளையும் ஒருநாள் படிப்பார்கள் நண்பர்களே. அவரவர் வீட்டில் ஒரு கல்யாணம் வர வேண்டும், அவ்வளவுதான்.