அப்பா தோற்க வேண்டிய பரீட்சை

படிப்பில் நான் கெட்டி. ஆரம்பப் பள்ளி நான்காம் ஆண்டு வரைக்கும் எந்தப் பரீட்சையிலும் சறுக்கியதில்லை. அந்தத் திமிரில்தான் அப்பாவின் பரீட்சைக்குள்ளும் மூக்கை நுழைத்தேன்.

இனிப்புநீர் வியாதி அப்பாவின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. செமோரில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை அழித்துக் கம்பெனிக்காரர்கள் வீடு கட்ட ஆரம்பித்த பிறகு அவர் ஈப்போவில் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். ஒருநாள் காலையில் தொழிற்சாலை வாசல் காவலர் கொட்டகையை பஸ்ஸால் இடித்துவிட்டு, "இத யாருலா இங்க கொண்டாந்து வச்சது?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். வேலை அன்றோடு போயிற்று. அம்மாவுக்குப் பள்ளிக்கூட கண்டீனில் வந்த சம்பளம் மாதக் கடைசியைத் தொடாது. அரிசிக்குக்கூட மாமா வீட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார். மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் வெல்ஃபேர் ஆபீஸில் மாத உதவிக்கு எழுதிப் போடலாம். விண்ணப்பப் பாரத்தில், பார்வை இல்லை என்று கண் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. "நான் என்ன குருடனா?" என்று சொல்லியே இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் குறித்த நாளைத் தவறவிட்டார். மூன்றாவது தடவை அம்மா கண்டீனுக்கு லீவு போட்டுவிட்டு, துணைக்கு என்னையும் சேர்த்து அழைத்துப் போனார்.

அப்பா கல்யாணத்துக்குப் போவதுபோல் முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். "டாக்டர் கேட்டா தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அங்க வந்து வீராப்பு காட்டாதீங்க லா. கையெழுத்து கெடைக்கலன்னா நாம எங்க போறது?" என்று அம்மா பஸ்ஸில் மூன்று தடவை சொன்னார். ஏன் அப்படி என்று என்னிடம் யாரும் விளக்கவில்லை. டாக்டர் கேள்வி கேட்பார், அப்பா பதில் சொல்வார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வெளியே போனால் அப்பா என் தோளில் கை வைத்துத்தான் நடப்பார். படி வந்தால் அந்தக் கையில் நான் ஒரு தட்டு தட்டுவேன், சாக்கடை வந்தால் இரண்டு தட்டு. பார்க்கிறவர்களுக்கு, மகள்மேல் பாசமாகக் கை போட்டு வருகிறார் என்றுதான் தோன்றும்.

அறையில் டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. சுவரில் எழுத்து அட்டை. சோற்றுத் தட்டு அளவுக்கு இருந்த முதல் எழுத்தே அப்பாவுக்குப் பிடிபடவில்லை. கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றைச் சொன்னார், பிறகு மாற்றிச் சொன்னார். இரண்டும் தப்பு. பாலர் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த எழுத்து. எனக்கு அவமானமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொஞ்சம் கிட்டே வந்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அப்பாவின் கை அப்போதும் என் தோளில்தான் இருந்தது. அதன்மேல் மூன்று தடவை தட்டினேன்.

"தீகா," என்றார் அப்பா. மலாயில் மூன்று.

டாக்டர் நிமிர்ந்தார். நான்கு விரல் காட்டினார். அதுவும் சரி. இரண்டு காட்டினார். அதுவும் சரி. கதவருகே நின்ற அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆச்சரியப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் பாரத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார். அம்மா பதறிப்போய், வீட்டில் சோற்றையே தடவித்தான் சாப்பிடுகிறார் என்று உடைந்த மலாயில் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போதுதான் டாக்டரின் கண் அப்பாவின் கைமேல் இருந்த என் விரலில் விழுந்தது. அவர் திட்டவில்லை. மூலையில் கிடந்த நாற்காலியைக் காட்டி, என்னை அங்கே போய் உட்காரச் சொன்னார். திரும்பவும் விரல்களைக் காட்டினார். அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தா நம்பாக்," என்றார். தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

டாக்டர் இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அம்மா பாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், என்னைத் தள்ளி உட்காரவைத்ததால்தான் அப்பா ஃபெயில் என்று.

பஸ் ஏறியதும் அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "குடியக் கெடுக்கப் பாத்தியேடி!" அப்புறம் அப்பா பக்கம் திரும்பினார். "அதுதான் வெவரம் தெரியாத புள்ள, தட்டுச்சு. நீங்க ஏங்க சொன்னீங்க? சும்மா இருந்திருக்கலாம்தானே?"

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குப் பயப்படுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. இப்போது யோசித்தால், ஒவ்வொரு சரியான பதிலும் வீட்டு அரிசியில் கை வைக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான், மகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மூன்று கேள்விக்குக் கண் தெரிந்த அப்பாவாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.