உள்ளங்காலில் ஒரு விரல்

கள்ளக்குறிச்சியில் என் கைக்குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு கச்சிராயபாளையம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் சளி இல்லை என்றார்கள். அந்தக் கதிர் அவளைக் கெடுத்திருக்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியைக்கூட ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே பிடித்தார்.

"இன்னாமா, பாப்பாவையே பாத்துக்கினு வர்ற?"

சொன்னேன். சர்க்யூட் போர்டுகள் கதிரைத் தாங்குமா என்று அவற்றின்மேல் எக்ஸ்ரேயைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சிச் சோதிப்பதுதான் அவர் வேலையாம்.

"நாங்க அடிக்கிறது பாப்பாவுக்கு எடுத்தத்தவிட ரொம்ப ஜாஸ்திமா. ஒவ்வொருவாட்டி அடிச்சதும் போர்டு பதில் சொல்லுதான்னு பாப்போம். ஒண்ணை மட்டும் அடிக்காம வெச்சிருப்போம், ஒத்துப் பாக்க."

"எங்கிட்ட ஒண்ணுதானே அக்கா இருக்கு?"

அவர் குழந்தையின் உள்ளங்காலை விரலால் தொட்டார். காலை மடக்கிக்கொண்டு மகள் சிரித்தாள்.

"பதில் சொல்லிட்டா பாரு."

அவர் பெயரைக் கேட்கவில்லை. பயம் வரும்போதெல்லாம் விரலை நீட்டுகிறேன். இப்போதெல்லாம் நான் தொடும் முன்பே மகள் காலை மடக்கிக்கொள்கிறாள்.