பணியாரச் சட்டியில் ஈயம்

"நீங்கள் தனிய இருந்து என்ன செய்யிறியள் எண்டு இஞ்ச ஆக்கள் கேட்டால், தைக்கிறார் எண்டு சொல்லுறன்."

கனடாவிலிருந்து மனைவி தொலைபேசியில் சொன்னது இது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில், அவளுடைய தையல் மெஷின் நின்ற அதே மேசையில்தான் நான் தோட்டா செய்கிறேன். மெஷினைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று ஆறு மாதத்துக்குப் போனவள். இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. முதல் பேரனைத் தூக்கி வளர்த்தாள், பிறகு இரண்டாவது பிறந்தது. "இவையள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? எனக்கும் பென்சனுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. வேலையை விட்டுப் போக ஏலாது.

துவக்குச் சுடும் கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போனவன் என்னோடு தொழிற்சாலையில் நிற்கும் ஒரு ஜெர்மன்காரன். மனைவி போன முதல் குளிர்காலம், இடைவேளையில் நான் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான் போல. "சனிக்கிழமை வா, சும்மா இருந்து கோப்பி குடி" என்றான். போனேன். முதல் வெடி கேட்டதும் எனக்குக் கால் தானாகக் குந்திவிட்டது. சண்டையில் அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நாட்டையே விட்டு வந்தவன் நான். ஆனால் சுட்டு முடிந்ததும் எல்லாரும் நீள மேசையில் கேக்கோடு இருந்தார்கள். ஒருவர் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் மருமகனைத் திட்டினார். எனக்கு அந்த மேசைதான் பிடித்தது. மேசைக்காகத்தான் சுடப் பழகினேன்.

இந்த நாட்டில் சும்மா துவக்கு வாங்க ஏலாது. அதற்கு ஒரு அனுமதி, வெடிமருந்து வைத்திருக்க வேறொரு அனுமதி, அதற்கொரு வகுப்பு, பிறகு சோதனை. எல்லாம் ஜெர்மன் மொழியில். ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்துப் பாஸ் பண்ணினேன். சான்றிதழைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினேன். "இதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில மாட்டாதேங்கோ" என்று பதில் வந்தது.

தோட்டா விலை ஏறி, மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் சுடக் கட்டுப்படாது என்று வந்தபோதுதான் நானே செய்யத் தொடங்கினேன். சுட்ட தோட்டாவின் வெறுங்கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, புது வெடிமருந்து நிறைத்து, நானே வார்த்த ஈயக் குண்டை, எங்கள் பேச்சில் சன்னத்தை, அதன் வாயில் இருத்துவது. ஈயம் கழகத்தில் ஒரு கூரைவேலைக்காரர் தந்தது. பழைய வீட்டுக் கூரைகளில் புகைபோக்கியைச் சுற்றி அடிக்கும் தகடு. "மிச்சம் பிடிக்கலாம் எண்டு நினைக்கிறாயா?" என்று கேட்டுச் சிரித்தார் அவர். "ஒரு சதமும் மிஞ்சாது. அதே காசுக்கு ரெண்டு மடங்கு சுடுவாய், அவ்வளவுதான்." ஆக்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு. அதையும் எழுதிவைத்தேன்.

அந்த வேலையில் எனக்குக் கஷ்டம் என்னவென்றால், வாய் திறக்கக் கூடாது. மருந்து நிறைக்கும்போது பாட்டும் கூடாது, ரேடியோவும் கூடாது, தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும். கதையில் கவனம் போய் ஒரு கோதில் இரண்டு தடவை மருந்து விழுந்தால் துவக்கே கையில் வெடிக்கும். வீட்டில் ஆள் இருந்தபோது "கொஞ்சம் வாயை மூடுறியளோ" என்று கேட்டும் மூடாத நான், ஆளில்லாத வீட்டில் ஒரு தராசுக்கு முன்னால் வாய் மூடி இருந்தேன்.

ஈயம் உருக்குவது வீட்டில் அல்ல. ஊரோரத்தில் வாடகைக்கு விடும் தொழிலாளர் தோட்டங்களில் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கத்தரி, மிளகாய், கொஞ்சம் வெந்தயக்கீரை வைத்திருக்கிறேன். அங்கே வெளியில், காற்றுப் பக்கம் பார்த்து, காஸ் அடுப்பில் உருக்குவேன். கூரைத் தகட்டை முதலில் உருக்கி, அழுக்கு நீக்கி, சின்னச் சின்னக் கட்டிகளாக ஊற்றி வைத்தால் பிறகு எடுக்க வசதி. அதற்கு ஜெர்மன்காரர் கேக் தட்டு பாவிப்பார்கள். என்னிடம் கேக் தட்டு இல்லை. மனைவி இந்தியக் கடையில் வாங்கி இரண்டு தரம் மட்டும் பாவித்த வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி இருந்தது. ஏழு குழி. ஈயம் அதில் வடிவாக இறுகி, கவிழ்த்துத் தட்டினால் பொலபொலவென்று விழும்.

இனித்தான் என் மடைத்தனம். இரும்புச் சட்டியை வேலை முடிந்ததும் அப்படியே போட்டு வைக்க எங்கள் ஆக்களுக்கு மனம் வராது. கழுவித் துடைத்து, சூடாக்கி, நல்லெண்ணெய் பூசி வைத்தேன். தோட்டத்துக் கொட்டிலில் வைத்தால் ஈரத்துக்குக் கறள் பிடிக்கும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, நிலவறையில் மனைவியின் பெரிய பாத்திரங்கள் இருக்கும் தட்டில் கவிழ்த்து வைத்தேன். துவக்கும் மருந்தும் சட்டப்படி பூட்டிய பெட்டிகளில். சட்டி மட்டும் கறுப்பாக, பளபளவென்று, மாவுக்குக் காத்திருக்கிற மாதிரி.

அந்த நிலவறை எங்களுக்கும் கீழ்வீட்டு அக்காவுக்கும் பொது. அவவின் அரிசி மூட்டையும் அங்கேதான். எங்கள் பாத்திரம் அவவுக்கு வேண்டுமென்றால் எடுப்பா, கேட்க மாட்டா. மனைவி இருந்த காலத்திலிருந்து அப்படித்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவவின் வீட்டில்தான் எனக்கு ஞாயிறு மத்தியானச் சாப்பாடு. முன்பு பக்கத்து நகரமான எசனிலும் இங்கேயும் நாலைந்து வீடுகளில் கூப்பிடுவார்கள். நான் தோட்டா செய்கிற கதை பரவியதும் கோயிலில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஷெல்லடிக்குப் பயந்து ஓடிவந்த ஆள், இப்ப தானே துவக்கு ரவை வார்க்கிறாராம்." நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பிறகு கூப்பிடுவது குறைந்து நின்றுபோனது. பிள்ளைகளைச் சண்டையில் இழந்த வீடுகள் அதில் இருந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா மட்டும், "அவர் கடதாசிக்குத்தானே சுடுறார், ஆளுக்கு இல்லையே" என்று சொல்லி இலைபோட்டா. தமிழில் வாய்விட்டுக் கதைக்க எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு மேசைதான். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வுப்பர்டால் நகரில் இருந்து அக்காவின் மகள் வந்து தன் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள். பிள்ளை என்னை "மேல் தாத்தா" என்று கூப்பிடும்.

அந்த ஞாயிறு நான் உள்ளே போகும்போதே வாசம் வந்தது. மேசையில் பணியாரம். பிள்ளை ஒன்றைத் தின்று முடித்து இரண்டாவதைக் கடித்துக்கொண்டிருந்தது. நானும் ஒன்றை வாயில் போட்டேன்.

"எப்பிடி, தம்பி? ஒண்டும் ஒட்டேல்லை, பாருங்கோ," என்றா அக்கா. "உங்கட சட்டிதான். என்ன வடிவா எண்ணெய் போட்டு வைச்சிருந்தியள்! பொம்பிளையள் கூட இப்பிடி வைச்சிருக்க மாட்டினம்."

நான் ஈயம் ஊற்றிய அதே ஏழு குழி.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் செய்தது என்ன தெரியுமோ? தட்டை என் பக்கம் இழுத்து, மிச்சம் இருந்த பணியாரம் எல்லாவற்றையும் நானே தின்றேன். ஒன்பதோ பத்தோ. பிள்ளையின் கையில் இருந்த பாதியையும் "தாத்தாக்கு ஒரு கடி" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அக்காவின் புருசன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், சிரித்தார். "கிழமை முழுக்கப் பட்டினி போல. இவருக்குச் சோறு வையாதையப்பா, சட்டியை வை."

"தின்னட்டும் பாவம், தனிச்ச மனிசன்," என்றா அக்கா.

மேலே ஓடிப்போய் மனைவிக்கு எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். முழுவதையும் கேட்டாள். பின்னால் பேரன் அழுகிற சத்தம்.

"சொன்னால் இனி ஒருநாளும் கூப்பிடமாட்டா," என்றேன்.

"கூப்பிடாட்டில் என்ன? பிள்ளை திண்டிருக்கு. போனை வைச்சிட்டுக் கீழ போங்கோ. இப்ப."

போனேன். நின்றபடியே சொன்னேன். ஈயம் என்றதும் அண்ணை கையை விசுக்கினார்.

"ஈயமோ! இதுக்கோ முகம் செத்துப்போய் வந்தனீர்? அந்த நாளில பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானே சமைச்சது. நாங்கள் எல்லாம் அதில திண்டு வளந்த ஆக்கள்."

அக்காவின் முகம் தெளியத் தொடங்கியது. அந்தத் தெளிவைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் நின்றிருக்கலாம். ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றும் இருந்தேன்.

"அது வெள்ளீயம், அண்ணை. அது ஒண்டும் செய்யாது. இது காரீயம். சின்னப் பிள்ளையளுக்குக் கூடாது. மூளைக்குக் கூடாது எண்டு வகுப்பில படிப்பிச்சவங்கள்."

அக்கா உடனே எழுந்தா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய் வாய் கொப்பளிக்க வைத்தா. மாலையில் மகள் வந்ததும் அவவே சொன்னா. மகள் என்னைப் பார்த்து முதலில் ஜெர்மனில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, தமிழில் கேட்டாள்: "மாமா, எவ்வளவு நேரம் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள்?"

"ஒரு மணித்தியாலம்," என்றேன்.

அவள் பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டாள். 

அடுத்த நாளே டாக்டரிடம் போய் பிள்ளைக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நாலைந்து நாள் ஆகும் என்றார்களாம். நானும் போய்க் கொடுத்தேன். அந்த நாட்களில் தோட்டத்துக்கும் போகவில்லை, கழகத்துக்கும் போகவில்லை. வேலை, வீடு. படியில் கீழ்வீட்டுக் கதவைக் கடக்கும்போது மட்டும் மெதுவாக நடப்பேன், ஒருவேளை திறக்கும் என்று. புதன்கிழமை என் வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையில் பணியாரச் சட்டி இருந்தது. கழுவியிருந்தது. எண்ணெய் பூசியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலை படியில் அக்காவைக் கண்டேன். கையில் இரண்டு கடைப் பை.

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லையாம்," என்றா. "எல்லாருக்கும் இருக்கிற அளவுதானாம்."

 பைகளை வாங்கக் கை நீட்டினேன். "வேண்டாம், பாரமில்லை," என்றா. பிறகு என்ன நினைத்தாவோ, "உங்களுக்கு?" என்று கேட்டா.

"கொஞ்சம் கூடவாம். கையை ஒழுங்காக் கழுவச் சொன்னார் டாக்டர்."

"நாளைக்குச் சாப்பிட வாங்கோ."

மறுநாள் மேலே இரண்டு தரம் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுவிட்டுத்தான் போனேன். மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, எனக்குப் பிடித்தது எல்லாம் வைத்திருந்தா. அண்ணை பந்து விளையாட்டைப் பற்றிச் சொன்னார். பிள்ளையின் உயரக் கதிரை மடித்துச் சுவரோடு சாத்தியிருந்தது.

"பிள்ளை இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டேன்.

அண்ணை குழம்பைப் பார்த்தார். அக்காதான் சொன்னா. "அவள் இனிச் சனிக்கிழமையில கொண்டுவாறாளாம். ஆனா சனிக்கிழமையில அவளுக்கு வேலையும் இருக்கு. எல்லாக் கிழமையும் ஏலாது. ஏலுமான நேரம் பாப்பம் எண்டவள்."

எனக்கு விளங்கியது. ஒளித்து வைக்காமல் சொன்னதற்கு அக்காவைக் கும்பிடவேண்டும். எனக்காக இலை போடுகிற நாள் அவவின் பேத்தி வராத நாள் ஆகிவிட்டது. அதை அவ என் முகத்துக்கு முன்னால் ஒரு குறையாகவும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் மீனை என் தட்டில் வைத்தா.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து நின்றபடியே சொன்னேன்: "அக்கா, இனி எனக்கும் ஞாயிற்றுக்கிழமை கஷ்டம். கழகத்தில போட்டி தொடங்குது. ஒவ்வொரு ஞாயிறும். நான் சனிக்கிழமையில எட்டிப் பாக்கிறன்."

"ஒவ்வொரு ஞாயிறுமோ?"

"ஓம். காலமை போனால் பின்னேரம்தான் வருவன்."

அக்கா மேசையில் கிடந்த என் தட்டை எடுத்தா. "அப்ப ஞாயிற்றுக்கிழமையே வரச்சொல்லி மகளுக்குச் சொல்லிவிடுறன்," என்றா.

போட்டி வருடத்துக்கு ஏழெட்டு ஞாயிறுதான். மிச்ச ஞாயிறுகளில் தோட்டத்துக்குப் போய்க் கத்தரிக்குத் தண்ணி விடுவேன்; மழை என்றால் ரயிலேறி எங்காவது இறங்கிக் கோப்பி குடித்துவிட்டு வருவேன். சனிக்கிழமைகளில் அக்கா வீட்டில் சாப்பாடு இருக்கிறது. அண்ணையும் நானும் கதைப்போம். முந்தி மாதிரி இல்லை, ஆனால் கதைப்போம்.

போன ஞாயிறு எனக்குக் காய்ச்சல். வெளியே போக முடியவில்லை. பதினொரு மணிக்குக் கீழே கார் நின்ற சத்தம், பிறகு கதவு, பிறகு பிள்ளையின் கால்கள் அறைக்கு அறை ஓடுகிற சத்தம். இந்த வீட்டில் சுவரும் தரையும் மெல்லிசு. கீழே நடப்பது எனக்குக் கேட்கிற மாதிரி, மேலே நான் நடப்பதும் அவர்களுக்குக் கேட்கும். நான் வீட்டில் நிற்கிறேன் என்று தெரிந்தால் அக்கா கூப்பிட வேண்டி வரும். மகள் திரும்பவும் பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டு வெளிக்கிட வேண்டி வரும். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணிப் போத்தலையும் காய்ச்சல் குளிசையையும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் கால் வைக்காமல் பின்னேரம் கார் போகும்வரை இருந்தேன். இடையில் தலையணைக்குக் கீழே தொலைபேசி அதிர்ந்தது. மனைவி. எடுத்து, மிக மெதுவாக, "பிறகு எடுக்கிறன்" என்றேன்.

"ஏன் குசுகுசுக்கிறியள்? மருந்து நிறைக்கிறியளோ?"

"ஓம்," என்றேன்.