மாட்டு ஏட்டில் என் அப்பா

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ரங்கூன் அலோன் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதியவனுக்குக் கண்ணால் பார்த்தால்தான் சரக்கு. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது நடந்தது பட்டப்பகலில்.

நான் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா ஒரு பர்மாக்காரியோடு மாண்டலேக்கு ஓடிவிட்டார் என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவர் மாமா, அம்மாவின் அண்ணன், பண்ணைகளுக்குக் கூலியாள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி. அம்மாவும் அதை நம்பி அப்பாவைச் சபித்துக்கொண்டே இருந்தாள், ஆனால் தாலியைக் கழற்றவில்லை. அப்புறம் துறைமுகத்தில் ஒரு கிழவர், மாவ்பிப் பக்கம் ஒரு பண்ணையில் உன் அப்பன் அடிமையாகக் கிடந்தானே என்று என்னிடம் சொல்லப்போக, அதை வீட்டில் வந்து சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்காரா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வாய்யா. இந்தத் தாலிய நான் எதுக்குச் சொமக்குறேன்னு எனக்குத் தெரியணும்."

பண்ணைக் கணக்குப்பிள்ளை பழைய ஏடுகள் கிடந்த அறையைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். கூலியாள் ஏடுகளைப் புரட்டிப் புரட்டித் தூசியில் தொண்டை வறண்டு வெளியே வந்தால், வாசலில் குடத்தோடு ஒருவர் நிற்கிறார், என் வயதுதான் இருக்கும், இடது காது மடல் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. தண்ணீர் கேட்டேன். பண்ணையாட்கள் நம் கையில் பாத்திரம் தரமாட்டார்கள், தூக்கி ஊற்றத்தான் செய்வார்கள், அதனால் குனிந்து கையேந்திக் குடித்தேன், அப்படியொரு ஜில்லிப்பு.

"ஆளுங்க ஏட்டுல இருக்காதுங்கய்யா. எங்கள மாட்டு ஏட்டுலதான் எழுதுவாங்க" என்றார். பிறகு மெதுவாக, "மச்சான் சௌக்கியமா இருக்காருங்களா?"

யாரைக் கேட்கிறார் என்று வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். நம்பினால் நம்புங்கள், சுற்றிலும் அறுத்த வயல், ஒளிய ஒரு மரம்கூடக் கிடையாது.

மாட்டு ஏட்டில் ஓர் எருமைக்கும் ஒரு காளைக்கும் நடுவில் அப்பாவின் பெயர் இருந்தது. அடையாளம், இடது காது கிழிசல். ஓடிப்போன கூலிகளுக்கு ஈடாக இந்த ஆளை விட்டவர், மேஸ்திரி, ஆளின் மச்சான். பக்கத்தில் மாமாவின் கையெழுத்து, என் விரலைப் பிடித்து அரிச்சுவடி எழுத வைத்த அதே கை. ஓரத்தில், மாட்டுக்கு எழுதுகிற மாதிரியே, செத்தது என்று வருஷத்தோடு எழுதியிருந்தார்கள். அந்த வருஷம் நான் நடக்கக்கூடத் தொடங்கவில்லை. பாவி! சோறு போட்டுக்கொண்டே குழி பறித்திருக்கிறான், அந்தச் சோற்றை நானும் நன்றியோடு தின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, தாலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். பிறகு மாமா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாவ்பியில ஒருத்தர் உங்கள விசாரிச்சாரு மாமா" என்று மட்டும்தான் சொன்னேன்.

யாரென்று அவர் கேட்கவில்லை. பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது.

"உனக்கும் தண்ணி ஊத்துனானா?" என்றார்.

மாமா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கையேந்தித் தண்ணீர் குடிக்க மட்டும் இன்றைக்கும் எனக்கு முடியவில்லை.