பின்பக்கத்து மறுப்பு

போன வாரம் பீரோத் தட்டில் விரித்திருந்த பழைய தாளை மாற்றலாம் என்று உருவினேன். அந்துருண்டை வாசனையோடு கையில் வந்தது, நான் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம். என் எழுத்து கடைசியில் சேலைக்கு அடியில்தான் போய்ச் சேரும் என்று என் மனைவிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

தாள் குப்புறக் கிடந்தது. பின்பக்கத்தில் ‘மறுப்பு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அது ஏன் என்று உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் தச்சநல்லூரில் ஒரு அரிசி மண்டியின் மாடியில் எங்கள் அமைப்பு இருந்தது. பலகையில் ‘மாநில’ என்ற சொல் பெரிதாக இருக்கும். உள்ளே இருந்தது வக்கீல் சாரும் நானும் ஒரு மேஜை விசிறியும்தான். லைசென்ஸும் பர்மிட்டும் ஒழிய வேண்டும், விளைவித்தவன் விரும்பிய இடத்தில் விற்க வேண்டும், சர்க்கார் நடுவே வரக் கூடாது என்பது எங்கள் கொள்கை. லாப நோக்கமில்லாத அமைப்பு. ஆனால் லாபத்தின் அருமையைத்தான் ஓயாமல் எழுதினோம். மாதம் ஒரு பிரசுரம் எழுதி எம்.எல்.ஏ.க்களுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்புவது என் வேலை. எம்.ஏ. பொருளாதாரம் படித்த திமிர் அப்போது எனக்கு நிறையவே உண்டு.

வக்கீல் சார் கோர்ட்டில் பழகிய மனிதர். எதிர்த்தரப்பைக் கேட்காமல் எதையும் அச்சுக்கு அனுப்ப மாட்டார். முன்பக்கம் எங்களுடையது, பின்பக்கம் எங்களை மறுப்பவருடையது. அப்படி மறுக்க வந்தவன்தான் பேச்சிமுத்து. பேட்டையில் பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருந்தான், என் வயதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் வருவான். கீழே புழுங்கலரிசி வாசனை, மேலே எங்கள் சத்தம். சண்டை முடிந்ததும் ஒரே சைக்கிளில் ஜங்ஷனுக்கு டீ குடிக்கப் போவோம். “முதலாளி பின்னால உக்காந்திருக்கான், பாட்டாளி மிதிக்கான், பாத்தீரா வே” என்பான். அந்த வெள்ளிக்கிழமைக்காகவே மற்ற நாட்களை ஓட்டினேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

நெல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்று தடை போட்டிருந்த சமயம் அது. சேரன்மகாதேவிப் பக்கம் அறுவடை. விலை இருக்கும் ஊருக்கு நெல் போகட்டும் என்று எழுதி, நானே நாலு தடவை வாசித்து மயங்கினேன். பேச்சிமுத்து பின்பக்கத்துக்கு ஒன்பது வரி கொடுத்தான். கடைசி வரி இது: ‘நெல் நல்ல விலை கிடைக்கும் ஊருக்கு லாரியில் போய்விடும், பீடி சுற்றும் என் தாய் அரிசி மலிவாக விற்கும் ஊருக்கு எதில் போவாள்?’

அதற்குப் பதில் எழுதிப் பார்த்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். வக்கீல் சார் வெளியூரில் இருந்தார். ப்ரூஃப் பார்க்கையில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினேன். இடம் போதாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி அவன் வந்து, பிரசுரத்தைத் திருப்பி, நிதானமாக வாசித்தான். கத்துவான் என்று காத்திருந்தேன்.

“இடம் இல்லையோ?” என்றான்.

ஆமாம் என்றேன்.

எட்டாவது வரிக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினான். “இங்கன இன்னும் ரெண்டு வரி கொள்ளும் வே. நாஞ் சொன்னதை எடுத்தாப் பரவால்ல. எங்கம்மையைல்லா எடுத்துட்டீரு.”

அன்றைக்கு டீ இல்லை. பிறகு அவன் வரவுமில்லை. மன்னிப்புக் கேட்கச் சங்கத்துக்குப் போனேன். “வாங்க சார்” என்று எழுந்து நாற்காலி போட்டான். அந்த ‘சார்’ போதும், நான் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன்.

வக்கீல் சார் என்னைத் திட்டவில்லை. அவன் வரும்வரை தலைப்பு இருக்கட்டும், கீழே யாரும் எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னார். வெற்றுப் பின்பக்கத்தோடு சில மாதம் பிரசுரம் போனது. அவர் காலமானதும் அமைப்பும் நின்றது. மண்டி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பேச்சிமுத்துவைப் பற்றி விசாரித்தேன். குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனதாகச் சொன்னார்கள், எங்கே என்று தெரியவில்லை.

இப்போதும் எழுதுகிறேன், போனில். எழுதிய நிமிஷமே கைதட்டும் படங்கள் வருகின்றன. திட்டுகிறவர்களும் உண்டு, படிக்காமலே திட்டுகிறார்கள். முழுக்கப் படித்துவிட்டு, நீ சொல்வது தப்பு என்று சொல்லப் பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வர ஆள் இல்லை.

தாளை மறுபடி பீரோவில் விரிக்க மனம் வரவில்லை. பேனா எடுத்து, ‘மறுப்பு’க்குக் கீழே அந்த வரியை எழுதினேன். இன்னும் நிறைய இடம் மிச்சம் இருந்தது.